எறும்புக்கு ஒரு சாட்சி

சாரா: பெருக்கப் பெருக்க விழுந்துக்கிட்டே இருந்துச்சுங்க. சின்ன வெங்காயத் தோல் மாதிரி ரெக்கை... தரையெல்லாம்.

காஜா: ராத்திரி மழை பேஞ்சுச்சுல்ல. மழை பேஞ்சா பூச்சி வரும். அதுக்கு எதுக்கு என்னைய எழுப்புற? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா...

சாரா: இது வெளக்கப் பாத்து வந்த பூச்சி இல்லீங்க. நம்ம உத்திரத்துக்குள்ளேர்ந்து வந்துச்சு.

காஜா: எந்த உத்திரம்?

சாரா: வாசல் நிலைக்கு மேல. செவுத்துக்குள்ள போற எடத்துல ஒரு வெடிப்பு இருக்குல்ல, அதுலேர்ந்து வரிசையா எறங்குச்சு. எல்லாத்துக்கும் ரெக்கை.

காஜா: எறும்பா இருக்கும்.

சாரா: எறும்பா இருந்தா சரி. ஈசலா இருந்தா? ஈசல் வருதுன்னா உள்ள கரையான் குடியிருக்குன்னு அர்த்தம். நமக்குப் பின்னாடி வீட்டுல அப்படித்தான ஓடெல்லாம் எறங்குச்சு?

காஜா: ஆரம்பிச்சுட்டா... பஸீலா! உங்கம்மாவுக்கு ஒரு டீ போட்டுக் குடும்மா. பதட்டம் கொறையட்டும்.

பஸீலா: டீ போட முடியாது அத்தா. கையில தட்டு இருக்கு.

காஜா: என்ன தட்டு?

பஸீலா: பூச்சி புடிச்சு வச்சிருக்கேன். மேல கண்ணாடி டம்ளரக் கவுத்திருக்கேன், பறக்காது.

காஜா: நல்ல குடும்பம். அம்மா பூச்சியப் பெருக்குறா, காலேஜு படிக்கிற பொண்ணு அதத் தட்டுல வச்சுப் பரிமாறுறா. வீரமலைக்கு ஒரு போன் போடு சாரா. மருந்து அடிச்சுட்டுப் போகட்டும். முடிஞ்சு போச்சு.

சாரா: எந்த மருந்து?

காஜா: பூச்சி மருந்துதான். வேற என்ன, இருமல் மருந்தா?

சாரா: எறும்புன்னா மருந்து கெடையாது. இந்த வீட்டுல எறும்ப யாரும் கொல்லக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?

காஜா: நான் எங்க சட்டம் போட்டேன்? மார்க்கத்துல அப்படி.

சாரா: போன வருஷம் அடுப்பங்கரையில எறும்பு மொய்க்குதேன்னு சுடுதண்ணியோட நின்னேன். கையப் புடிச்சுக்கிட்டு பள்ளிவாசல்ல பண்ற மாதிரி அரை நாளு பயான் பண்ணுனீங்க. சர்க்கரை டப்பாவ எடுத்து மேல வையி, அதுங்க பாட்டுக்குப் போகும்னு...

காஜா: போச்சுல்ல?

சாரா: போச்சு. அதான் கேக்குறேன். எறும்புன்னா சன்னலத் தொறந்து விட்டுருவோம். ஈசல்னா வீரமலையக் கூப்புடுவோம். எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க.

காஜா: வீரமலையே வந்து பாத்துச் சொல்லட்டுமே.

சாரா: மருந்து அடிக்கிறவரு வந்து எறும்புன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போவாரா? உத்திரத்துல ஓட்டை போடணும், சாமானெல்லாம் வெளிய எடுத்து வைங்கன்னுதான் சொல்லுவாரு.

காஜா: அப்ப நீ பாரு. உனக்குக் கண்ணு இல்லியா?

சாரா: எனக்கு இருக்குங்க. ஆனா இந்த வீட்டுக்கு நீங்கதான பெரியவரு. நீங்க சொன்னாத்தான் எனக்கு மனசு ஆறும்.

காஜா: சரி, கொண்டா. எங்க கண்ணாடி?

பஸீலா: போட்டுக்கிட்டுத்தான் இருக்கீங்க அத்தா.

காஜா: அது தெரியும். துடைக்கிற துணியக் கேட்டேன்.

பஸீலா: இந்தாங்க.

காஜா: கிட்டக் கொண்டா... இன்னும் கிட்ட... ம். லைட்டப் போடு.

பஸீலா: லைட்டு எரியுது அத்தா.

காஜா: அட, டியூப்லைட்டச் சொல்லல. டார்ச்சச் சொன்னேன். போன்ல இருக்குல்ல.

பஸீலா: போட்டாச்சு.

காஜா: ஆங்... இப்ப சரி. எறும்புதான். எடுத்துட்டுப் போ.

சாரா: அதுக்குள்ளயா?

காஜா: எறும்பப் பாக்க எவ்வளவு நேரம் ஆகும்?

சாரா: பஸீலா, நீ போன்ல படிச்சியே, அத ஒண்ணொண்ணாக் கேளு. அத்தா பாத்துச் சொல்லட்டும்.

பஸீலா: அம்மா... வேணாமே.

சாரா: கேளும்மா.

காஜா: என்ன வேணாம்? கேளு, கேளு. பொண்ணு பரிட்சை வைக்கட்டும். நானும் எட்டாங்கிளாஸ் படிச்சவன்தான்.

பஸீலா: மொதல்ல... இடுப்பு அத்தா. எறும்புன்னா இடுப்பு நூலாட்டம் ஒட்டியிருக்கும். ஈசல்னா இடுப்பே இருக்காது, தலையிலேர்ந்து வால் வரைக்கும் ஒரே பருமன்.

காஜா: ஒட்டித்தான் இருக்கு. சூப்பரா இருக்கு இடுப்பு. கல்யாணத்தப்ப உங்கம்மாவுக்கும் இப்படி ஒண்ணு இருந்துச்சு.

சாரா: பொண்ணு முன்னாடி பேசுற பேச்சா இது?

காஜா: இருந்ததத்தான சொன்னேன். அடுத்தது?

பஸீலா: மீசை. தலையில ரெண்டு மீசை இருக்கும்ல... அது மடங்கியிருந்தா எறும்பு. நேரா மணி கோத்த மாதிரி இருந்தா ஈசல்.

காஜா: மடங்கியிருக்கு.

சாரா: ரெண்டுமா?

காஜா: ரெண்டுந்தான். ஒத்த மீசைய மட்டும் மடக்கி வச்சுக்குமா?

சாரா: தட்டத் தள்ளிப் புடிச்சிருக்கா. அங்கேர்ந்தே மீசை தெரியுதா உங்களுக்கு?

காஜா: எனக்கு எப்பவுமே தூரப் பார்வைதான் கூர்மை.

சாரா: ஆமா, ஆமா.

காஜா: என்ன ஆமா ஆமா? பாலக்கரையில வந்து கேட்டுப் பாரு. பள்ளிவாசல் மாடியில அத்தனை பேரு நின்னாலும் பிறைய மொதல்ல பாக்குறது யாருன்னு. வாலிபப் பசங்க எல்லாம் எங்க பாய், எங்க பாய்ன்னு என் வெரலப் புடிச்சுக்கிட்டு நிப்பானுங்க.

சாரா: இந்த வருஷம் பெருநாள் பிறைக்கு நீங்க மாடிக்கே ஏறலியே.

காஜா: முட்டி வலி.

சாரா: தெனம் ஸ்கூல் வேன ஓட்ட ஏறி எறங்குறப்ப முட்டி வலிக்கலியா?

காஜா: அது வேற ஏத்தம், இது வேற ஏத்தம். பூச்சிய விட்டுட்டு முட்டிக்கு வந்துட்டா... பஸீலா, அடுத்தது என்னம்மா?

பஸீலா: அத்தா, போதும். எறும்புதான் போல.

சாரா: இன்னும் ரெக்கை பாக்கல.

காஜா: ரெக்கை இருக்கு. நாலு.

சாரா: நாலும் ஒரே அளவா?

காஜா: எறும்புக்கு எப்படி இருக்கும்?

சாரா: எறும்புக்கு எப்படி இருக்கும்னு கேக்கலீங்க. தட்டுல இருக்கிறது எப்படி இருக்குன்னு கேக்குறேன்.

காஜா: அது... படபடன்னு அடிக்குதுல்ல. நின்னாத்தான சொல்ல முடியும்?

பஸீலா: ...ஆமாத்தா. அடிக்குது.

காஜா: பாத்தியா, பொண்ணே சொல்றா.

சாரா: பஸீலா, நீ பேசாம இரு.

பஸீலா: அம்மா, ப்ளீஸ்...

காஜா: அவ கொரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு? பஸீலா, அழுறியா?

பஸீலா: இல்லத்தா. காலையில பெருக்கினதுல தூசி.

காஜா: தூசின்னா போயி மூஞ்சி கழுவு. இந்தத் தட்டத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நேரம் நிப்ப? சாரா, அது எறும்பு. முன் ரெக்கை பெருசு, பின் ரெக்கை சின்னது. போதுமா?

சாரா: பாத்தீங்களா?

காஜா: இப்ப நின்னுச்சுல்ல, பாத்தேன்.

சாரா: பஸீலா இன்னும் ரெக்கைக் கணக்கச் சொல்லவே இல்லீங்க. எறும்புக்கு முன் ரெக்கை பெருசா இருக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?

காஜா: யாரு சொல்லணும்? அம்பது வருஷமா எறும்பப் பாக்குறேன். எதுக்கு இப்படிக் கொடைச்சல் குடுக்குற? வீடு நம்ம வீடு. உத்திரம் ஒரு பக்கம் உளுத்தா முட்டு குடுத்துக்கலாம். அதுக்கு இவ்வளவு...

சாரா: எனக்கு உத்திரத்தப் பத்தி மட்டும் கவலை இல்லீங்க.

காஜா: பின்ன?

சாரா: ...போன் அடிக்குது. பஸீலா, அந்தப் போன எடு. யாரு?

பஸீலா: பெலிண்டாவோட அம்மா.

காஜா: வேன் விஷயமா இருக்கும். எங்கிட்டக் குடு.

சாரா: நான் பேசுறேன். ஹலோ... சொல்லுங்கக்கா... ஆமா, நாளைக்கு ஸ்கூல் தொறக்குதுல்ல... வேனா? ...இல்ல, இருக்காரு, வீட்டுலதான் இருக்காரு...

காஜா: வரும்னு சொல்லு.

சாரா: ...ஆமாக்கா... பாப்பாவா? ...அப்படியா? எப்ப? ...எங்கிட்ட சொல்லலியே...

காஜா: எப்பவும் போல ஏழரைக்கு கேட்டு முன்னாடி நிக்கச் சொல்லு.

சாரா: ...கொஞ்ச நேரத்துல நானே கூப்புடுறேன்க்கா. வச்சுடுறேன்.

காஜா: வரும்னு சொல்றதுக்கு என்ன கொஞ்ச நேரம்?

சாரா: லீவு விட்ட அன்னிக்கு பெலிண்டாவ வீட்டத் தாண்டிப் போயி எறக்கி விட்டீங்களாம்.

காஜா: வாசல்ல மணல் கொட்டியிருந்தாங்க.

சாரா: மணலெல்லாம் இல்லையாம். அங்கிள், எங்க வீடு போயிருச்சு, எங்க வீடு போயிருச்சுன்னு பாப்பா கத்துச்சாம். அப்பறந்தான் நிறுத்துனீங்களாம்.

காஜா: புள்ளைங்க இரைச்சல்ல காது கேக்கல.

சாரா: காதா?

காஜா: காதுதான். ஏன், காது கேக்காமப் போகக் கூடாதா?

சாரா: வேன் இடது பக்கம் பூரா கீறல் இருக்கே. அதுவும் காதுனாலயா?

காஜா: அதான் சொன்னேன்ல. மார்க்கெட்டு ஓரத்துல வெங்காய லாரிக்காரன் வந்து ஒரசிட்டான்.

சாரா: லாரி நீலம்னு நீங்கதான சொன்னீங்க. கீறல்ல ஒட்டியிருக்கிறது சுண்ணாம்புங்க. அது செவுரு.

காஜா: நீ என்ன போலீஸ் வேலை பாக்குறியா?

சாரா: அந்த செவுத்துக்கும் வேனுக்கும் நடுவுல ஒரு புள்ள நின்னிருந்தா?

காஜா: வாய மூடு சாரா. அப்படியெல்லாம் நாக்குல வரக் கூடாது.

சாரா: நாக்குல வராட்டி மனசுல வருதே. நீங்க வேன எடுத்துட்டுப் போற ஒவ்வொரு நாளும் நான் இங்க தஸ்பீஹ் மணியக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு. பயமா இருக்குங்க எனக்கு.

பஸீலா: அத்தா, எனக்கும்...

காஜா: ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? ஒரு பூச்சிக்கு இவ்வளவு பேச்சா? அல்லாஹ் காப்பாத்துவான். இத்தன வருஷமா ஓட்டுறேன், ஒரு புள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா? நடக்குறப்ப நம்ம காலுக்குக் கீழ எத்தனையோ எறும்பு சாவுது. தெரியாம மிதிச்சா குத்தமில்ல.

சாரா: நமக்குத் தெரியலன்னு தெரிஞ்சே மிதிச்சா? சொல்லுங்க. நீங்கதான பயான் பண்ணுவீங்க.

காஜா: டீ ஆறிப் போச்சா?

பஸீலா: டீயே போடல அத்தா.

காஜா: ...ஓ.

சாரா: சரிங்க. நான் இனிமே உங்களக் கேள்வி கேக்க மாட்டேன். வேனப் பத்திப் பேச மாட்டேன். முட்டியப் பத்திப் பேச மாட்டேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் செஞ்சுருங்க.

காஜா: என்ன?

சாரா: இது எறும்புன்னு சாட்சி சொல்லுங்க.

காஜா: அதான் சொல்லிட்டேனே, எறும்புன்னு.

சாரா: அப்படி இல்ல. பிறைக்குச் சொல்லுவீங்கல்ல ஜமாஅத்துல... பள்ளிவாசல் ஹஜ்ரத் முன்னாடி நின்னு. அந்த மாதிரி.

காஜா: எறும்புக்கா? சிரிப்பாங்க சாரா.

சாரா: இங்க யாரு சிரிக்கப் போறா? நானும் உங்க பொண்ணும்தான இருக்கோம். அல்லாஹ்வுக்காகச் சொல்றேன், என் ரெண்டு கண்ணால பாத்தேன்... அவ்வளவுதான். ஒத்த வரி.

காஜா: இதுக்கெல்லாம் போயி அவன் பேரை இழுக்கக் கூடாது.

சாரா: ஏன்? எறும்பும் அவன் படைச்சதுதான? நீங்க சொல்றத வச்சுத்தான் அதுங்க உசுரு இருக்கு. நீங்க சாட்சி சொல்லிட்டா சன்னலத் தொறந்து விட்டுருவேன். பெலிண்டா அம்மாவுக்கும் போன் போட்டு, வேன் வரும்க்கான்னு நானே சொல்லிருவேன். அப்பறம் எனக்குப் பயமே இருக்காது.

காஜா: அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

சாரா: உங்களுக்குத் தெரியும். பஸீலா, அத்தாவுக்கு நல்லாத் தெரியுற மாதிரி புடி. டார்ச்ச டம்ளர் மேலயே அடி.

பஸீலா: அம்மா, என்னால முடியல...

சாரா: புடிம்மா. பிஸ்மில்லாஹ் சொல்லி ஆரம்பிங்க.

காஜா: பிஸ்மில்லாஹ்...

சாரா: ம்.

காஜா: அல்லாஹ்வுக்காக... நான்...

சாரா: என் ரெண்டு கண்ணால...

காஜா: சொல்றேன். அவசரப்படுத்தாத.

சாரா: இல்ல. நீங்களே சொல்லுங்க.

பஸீலா: அத்தா?

காஜா: ஒரு வருஷம் மேகமா இருந்துச்சு சாரா. எல்லாரும், காஜா பாய், தெரியுதா தெரியுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. பக்கத்து ஊருல எல்லாம் பிறை தெரிஞ்சுருச்சுன்னு போன் வந்துருச்சு. பசங்களுக்கு நாளைக்கே பெருநாள் வேணும். நான் ஒத்த வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். எனக்குத் தெரியலன்னுட்டு எறங்கி வந்தேன்.

சாரா: தெரியும்ங்க. அதனாலதான் உங்கள சாட்சி சொல்லச் சொன்னேன்.

காஜா: டீ ஆறிருச்சா, முட்டி வலிக்குதான்னு ஆயிரம் பேசலாம். வாய்க்கு வந்தத அளந்து விடலாம். சாட்சிங்கிறது அப்படி இல்ல.

சாரா: ம்.

காஜா: பாக்காததுக்கு நான் சாட்சி சொன்னதில்ல. வெள்ளையா வட்டமா ஒண்ணு தெரியுது. தட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். நடுவுல பாத்தா, புகை அடைச்ச மாதிரி... ஓரத்துலதான் கொஞ்சம் தெரியுது. உன் மொகங்கூட கொரல வச்சுத்தான்.

சாரா: யா அல்லாஹ்... எப்பலேர்ந்துங்க?

காஜா: நோன்புக்கு முன்னாடியே. சுகர்னால இருக்கும், தானா சரியாயிரும்னு இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனா, மொத வார்த்தையே வண்டி ஓட்டாதீங்கன்னுதான் சொல்லுவாங்க. வேன் இல்லாட்டி நான் யாரு இந்த ஊருல? காலையில எந்திரிச்சு எங்க போவேன்?

பஸீலா: அத்தா...

காஜா: பெலிண்டா கத்துனப்ப நான் நடுங்கிட்டேம்மா. புள்ளையத் திட்டிட்டேன், ஏன் இப்படிக் கத்துறன்னு. அன்னிக்கு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. சாரா... அந்த அம்மாவுக்குப் போன் போடு. நாளைக்கு வேன் வராதுன்னு சொல்லிரு. இனிமே வராதுன்னு சொல்லிரு.

சாரா: சொல்லிடுறேங்க. நாளைக்குக் கண்ணாஸ்பத்திரிக்கும் போறோம். மூணு பேருமா.

காஜா: ம். ...பஸீலா, ஏம்மா இப்படித் தேம்பித் தேம்பி அழுற? தட்டக் கீழ வை மொதல்ல. டம்ளர் விழுந்துருச்சுன்னா அதுங்க எல்லாம் வீடு பூரா பறந்துரும். எறும்பா ஈசலான்னு இன்னும் தெரியாது.

சாரா: எறும்புதாங்க. விடிஞ்சதுமே வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு, நீங்க எந்திரிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சன்னல் வழியாப் பறக்க விட்டுட்டேன்... உங்க பொண்ணு இவ்வளவு நேரமா வெறுந்தட்டத்தான் உங்க மூஞ்சிக்கு நேரா புடிச்சுக்கிட்டு நிக்கிறா.